மருதங்குடியின் முதல் கை

நிவாரணம் வாங்க உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து நீட்ட வேண்டும் என்று அரசு முறை வைத்த வருஷத்தில், மருதங்குடியில் ஒருவரும் நிவாரணம் வாங்கவில்லை. நான் வாங்கவில்லை, அதனால் மற்றவர்களும் வாங்கவில்லை.

அதற்கு முன்பு கட்டைவிரல் ரேகைதான் கேட்டார்கள். விவசாயி விரலில் ரேகை எங்கே நிற்கும்? சேற்றிலும் உரத்திலும் மண்வெட்டிப் பிடியிலும் தேய்ந்த விரல்களை மெஷின் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது. ஆகவே உள்ளங்கைக்குள் ஓடும் நரம்பைப் படிக்கும் கருவி வந்தது. அது தெருக்குழாய் போல வளைந்து நிற்கும். குழாயின் வாய் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கண். அதன் கீழே கையை ஏந்திப் பிடிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அது வாய்விட்டும் பேசும்.

"உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து நீட்டவும்" என்றது என்னிடம்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை. என் தகப்பனார் கோயிலில் திருநீறு வாங்கும்போதுகூட வலக்கையின் கீழே இடக்கையை வைத்துக் குவித்துத்தான் வாங்குவார், விரித்து வாங்கமாட்டார். கையைக் கவிழ்த்து வைத்தால் ஆகாதா என்று உதவி வேளாண்மை அலுவலர் ரெஜினாவைக் கேட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரி. எனக்காகத் தன் கையையே கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். கை அடையாளம் காணப்படவில்லை என்று மெஷின் சொல்லிற்று. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மருதங்குடியில் எந்தக் காரியத்திலும் எங்கள் வீட்டுக் கைதான் முதலில் போக வேண்டும். விதை தெளிப்பது, அறுவடைக்கு அரிவாள் வைப்பது, ஓட்டுப் போடுவது எல்லாவற்றிலும் அப்படி. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, ஆனாலும் மீறினவர்கள் இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றவர்கள் நான் திரும்பி நடந்ததைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வரிசையை விட்டு விலகினார்கள். குத்தகை நிலம் முழுவதையும் வெள்ளத்தில் விட்டிருந்த பக்கிரிசாமி மட்டும் கடைசிவரை நின்றிருக்கிறான். பிறகு அவனும் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி அனுப்பினேன்.

ஆற்றுக்குத் தெற்கே புன்னைத்திட்டு. என் மகள் நீலாயதாட்சியைக் கொடுத்த ஊர். அங்கே முதல் கை என் சம்பந்தி உத்திராபதியுடையது. மறுநாளே அவர் போன் செய்து, விஷயத்தைக் கேள்விப்பட்டதாகவும், அவர்களும் வாங்கவில்லை என்றும் சொன்னார். பெண் எடுத்த வீடு பெண் கொடுத்த வீட்டுக்கு ஒரு படி கீழே இறங்கி நிற்க முடியாது அல்லவா. எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

மறுவருஷம் மழை சுமார்தான். ஆனாலும் மருதங்குடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆற்றுக்குத் தெற்கே பல ஊர்களில் வரப்புகூட நனையவில்லை. மேலே ஆற்றைப் பிரித்துவிடும் ரெகுலேட்டரில் எங்கள் பக்கத்து ஷட்டர் முழுவதும் திறந்திருந்ததாகச் சொன்னார்கள். காலக்கோளாறு என்று நினைத்தோம். மெஷின் வந்தது. நான் போகவில்லை. யாரும் போகவில்லை.

இந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்தபோது, வெள்ளம் வருவதற்கு முன்பே ரெஜினா ஜீப்பில் அந்தக் கருவியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அதை நிறுத்திவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். புடவை முழங்கால்வரை சேறு. என் மனைவி அஞ்சம்மாள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கும். பாத்தீங்களாய்யா?" என்றாள்.

பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். மருதங்குடி, சம்பா நெல், முழு இழப்பு, நிவாரணம் தயாராக உள்ளது, ஏற்கிறீர்களா என்று இருந்தது. வாசலுக்கு வெளியே என் வயல் தெரிந்தது. பயிர் பால் பிடித்து, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? பயிர் நல்லா நிக்குது. இழப்புங்கிறான்."

"சாயங்காலம் இருக்காதுங்க" என்றாள்.

ரெகுலேட்டர் ஷட்டர்களையும் நிவாரணப் பணத்தையும் ஒன்றாக நிர்வகிப்பது அரண் என்ற கணினி ஏற்பாடு. அது மாவட்டத்துக்கு வந்தபோது நானே கிராமசபையில் ஆதரித்துப் பேசினேன். முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் எந்தக் கரையை வெட்டுவது என்பதில் ஆள் பார்ப்பார்கள். செல்வாக்குள்ளவன் வயல் தப்பிக்கும், இல்லாதவன் வயல் மூழ்கும். அரணுக்குச் சாதி தெரியாது, கட்சி தெரியாது, அது கவர் வாங்காது என்று பேசினேன். கை தட்டினார்கள்.

ரெஜினா அந்தப் பேச்சை நினைவுபடுத்தவில்லை. மரியாதை தெரிந்த பெண். ஆனால் அவள் சொன்ன விஷயம் அந்தப் பேச்சின்மீதே வந்து விழுந்தது.

"அது யாரையும் பாக்காதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கும். தண்ணிய எந்தப் பக்கம் விட்டா அரசாங்கத்துக்கு நிவாரணச் செலவு கம்மியோ, அந்தப் பக்கம் விடும்."

"எங்க ஊர்ல வயல் இல்லையா? வீடு இல்லையா?"

"இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருஷம் தண்ணி நின்னுது. ஒருத்தர்கூட நிவாரணம் கேக்கல. அதனால அது என்ன கத்துக்கிச்சுன்னா, மருதங்குடிக்குத் தண்ணி வந்தா நஷ்டமே இல்ல. இங்க விடுறதுதான் நல்லது."

அஞ்சம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

ரெஜினா தொடர்ந்து சொன்னாள். இந்த வருஷம் முறையை மாற்றியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கேட்பதில்லை. ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே, மூழ்கக்கூடிய ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பிக் கேட்கிறது. ஏற்றவர்களின் இழப்பு கணக்கில் ஏறும். பதில் சொல்லாதவர்களுக்கு இழப்பு இல்லை. அவள் மேலிடத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மனிதன் கை வைத்தால் ஊழல் என்றுதான் மெஷினிடம் கொடுத்தோம், இப்போது நாங்களே கை வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"மேல அணை தாங்காது. சாயங்காலத்துக்குள்ள திறந்தாகணும். நீங்க கை வெச்சா ஊரே வைக்கும். எனக்குத் தெரியும். அதான் வேற எங்கயும் போகாம இங்க வந்தேன்."

அவள் போன பிறகு அஞ்சம்மாள் அந்தக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள். அவள் என் எதிரில் அபிப்பிராயம் சொல்லுகிறவள் அல்ல. அன்று, "நமக்கு இருக்குது, சாப்புடுவோம். பக்கிரிசாமிக்கு என்ன இருக்குது?" என்றாள்.

நான் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மழையில் ஊர் முழுவதும் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்தது. நான் ஏறியதும் வழி விட்டார்கள். கருவியின் கீழே வலக்கையை நீட்டினேன். கவிழ்ந்துதான் போயிற்று. பழக்கம். பிறகு திருப்பினேன். கண்ணாடிக் கண்ணிலிருந்து வெளிச்சம் உள்ளங்கையில் விழுந்தது. இளஞ்சூடாக இருந்தது.

"ஏற்கப்பட்டது. நன்றி, கலியமூர்த்தி" என்றது மெஷின்.

அந்த ஊரில் என் பெயரை மொட்டையாக அப்படிச் சொன்ன ஆள் என் தகப்பனாருக்குப் பிறகு யாரும் இல்லை. எங்கோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓரமாக நின்றேன். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் கையை நீட்டும் முன் ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். பக்கிரிசாமி மட்டும் பார்க்கவில்லை. கை நீட்டி, நன்றி வாங்கிக்கொண்டு, என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னான்:

"இந்தக் கைய ரெண்டு வருஷம் முன்னாடி திருப்பியிருந்தா எம் பொண்ணு காலேஜுல இருந்திருப்பாய்யா. இப்ப திருப்பூர்ல பனியன் மடிக்கிறா."

நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரிசை முடிந்ததும் ரெஜினா தன் டேப்லெட்டில் ஊர்களின் வரைபடத்தைப் பார்த்தாள். மருதங்குடியின் நிறம் மாறிவிட்டது என்று சொன்னாள். ஊர் தப்பித்தது. சிலர் கும்பிட்டார்கள். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"தண்ணி எங்கயாச்சும் போகணுமே. எங்க போகும்?" என்று கேட்டேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஆற்றுக்குத் தெற்கே ஒரு திட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. மற்ற ஊர்களெல்லாம் ஏதோ ஒரு நிறத்தில் இருந்தன. கை நீட்டாத ஊர் புன்னைத்திட்டு ஒன்றுதான்.

அங்கே போக நேரமில்லை என்றாள். பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போனிலேயே கையைக் காட்டி ஏற்க வழி உண்டு. யாராவது பெரியவர் சொன்னால் புன்னைத்திட்டுக்காரர்கள் கேட்பார்கள். பெரியவர் என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் உத்திராபதிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தார். மழை பற்றிச் சொன்னார். நீலா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டுப் போட்டிருப்பது எனக்குத் தெரிந்ததுதான், அதையும் சொன்னார். அவர் மகன், என் மாப்பிள்ளை, சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருவதைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு ரெஜினா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். செய்தி வந்திருக்கும், ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.



"நீங்க ஏத்துக்கிட்டீங்களா சம்பந்தி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. தவிரவும், நான் கை நீட்டியதைக் கேட்டால் அவருக்குக் கூச்சம் விட்டுப்போகும் என்று நினைத்தேன்.

"நீட்டிட்டேன் சம்பந்தி. ஊருக்காக நீட்டிட்டேன்."

"அப்படியா" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த குரல். நானும் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன்.

"உங்க ஊர் நிலைமை உங்களுக்கு. நான் தப்பா எடுத்துக்கல. ஒருத்தர்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா எங்களுக்கு இன்னும் அந்த நிலைமை வரலீங்க சம்பந்தி."

மேலும் சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் மிகவும் மரியாதையாக, வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்து, போனை வைத்தார். இரண்டு வருஷமாகச் சமமாக நின்றோம். இப்போது அவர் வீடு ஒரு படி மேலே. மெஷின் சொன்னதற்காக அதை விட்டு இறங்கிவர எந்த மனிதனுக்கு மனம் வரும்?

போனைச் சட்டைப் பையில் வைப்பதற்குள் அது அதிர்ந்தது. அவர்தான் மனம் மாறிவிட்டார் என்று எடுத்தேன். அரணிடமிருந்து வந்த செய்தி.

நீலாயதாட்சி, கணவர் இளங்கோவன், புன்னைத்திட்டு. உயிரிழப்பு. வாரிசு: கலியமூர்த்தி. நிவாரணம் தயாராக உள்ளது. ஏற்கிறீர்களா?

தூணைப் பிடித்துக்கொண்டு அவள் எண்ணை அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தாள்.

"அப்பா. சாப்ட்டீங்களா?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது. காலை எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தலையணை மேலே என்றாள். வீட்டை விட்டு எங்காவது மேடான இடத்துக்குப் போக முடியுமா என்று கேட்டேன்.

"மேடு எங்கப்பா இருக்கு இந்த ஊர்ல? கட்டுக் காலோட நானு எங்க போறது? என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு? மாமா கூடத்துலதான் இருக்காங்க, குடுக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரெஜினாவிடம் போனை நீட்டினேன். படித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தத் திட்டில் ஓடு போட்ட தாழ்வான வீடுகள் எத்தனை, நடக்க முடியாதவர்கள் யார் என்பதெல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து அரணுக்குத் தெரியும். யார் தப்பமாட்டார்கள் என்று அதுவே முடிவுகட்டி, வாரிசுக்கு எழுதிவிடும். என் மகளுக்குச் சீதனமாக எழுதிய நிலத்தில் வாரிசாகக் கல்யாணத்துக்கு முன்பு பதிந்த என் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. மாற்றச் சொல்லிக் கேட்டால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

"இத ஏத்துக்கலன்னா?" என்றேன்.

"நஷ்டம் இல்லன்னு எடுத்துக்கும்."

"என் மகளா?"

"ஆமாங்கய்யா."

"ஏத்துக்கிட்டா?"

அவள் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உயிருக்கான தொகை பெருசுங்க. மருதங்குடி சின்ன ஊரு. நெல்லு மொத்தத்தையும் சேத்தாலும் அதுக்குக் கீழதான் வரும். தண்ணி திரும்ப இந்தப் பக்கம் வந்துடும். இங்க இந்தக் கட்டடம் இருக்கு, எல்லாரும் மாடிக்கு ஏறிக்கலாம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இவ்வளவு பேரும் உங்கள நம்பி இப்பத்தான் கை நீட்டுனாங்க."

உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் செத்த பணம் வாங்குவது எந்தச் சாதியிலும் எந்தக் குடும்பத்திலும் கேள்விப்படாத விஷயம். வாயால் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். போனில் ரகசியமாகச் செய்துவிடலாம் என்று பார்த்தேன். என் போன் பழையது, அதன் கண் என் கையைப் படிக்கவில்லை. மூன்றாம் தடவையும் அது தள்ளியபோது கருவியிடம்தான் போக வேண்டும் என்று தெரிந்தது.

போவதற்கு முன் தாழ்வாரத்தில் நின்றவர்களிடம் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டச் சொன்னேன். அரிசி, துணி, பட்டா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறச் சொன்னேன்.

"ஏன்யா? அதான் கை நீட்டியாச்சே" என்றான் பக்கிரிசாமி.

"தண்ணி வருது. போ."

அவன் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு ஓடினான். அந்த ஊர் எனக்குக் கடைசியாகக் கீழ்ப்படிந்தது அன்றுதான்.

நான் கருவிக்குப் போய்க் கையை நீட்டினேன். இந்தத் தடவை கவிழவில்லை. அஞ்சம்மாள் சாமான்களோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். ரெஜினா அதன் பேச்சை நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். அதற்கு முன் அது பேசிவிட்டது.

"உயிரிழப்பு நிவாரணம். இறந்தவர் நீலாயதாட்சி. வாரிசு கலியமூர்த்தி. ஏற்கப்பட்டது. நன்றி."

அஞ்சம்மாள் கையிலிருந்த அரிசிப் பானை விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு மாரடித்து அழுதார்கள். நீலா உயிரோடு இருக்கிறாள், இப்போதுதான் பேசினேன் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என்னை உட்காரவைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சாவு வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

பொழுது இறங்குவதற்கு முன் வாய்க்காலில் இரைச்சல் கேட்டது. கரை மேலே ஏறி வந்த தண்ணீர் என் வயலில் முதலில் புகுந்தது. கதிர் தலை அசைத்துக்கொண்டே மூழ்கிற்று. பிறகு பக்கிரிசாமியின் குத்தகை வயல். பிறகு தெரு. மாடியில் நின்றவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்து மனதுக்குள் வா, வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீலாவின் போன் வந்ததும் அதை அஞ்சம்மாள் காதில் வைத்தேன். "அம்மா, இங்க ஆத்துல தண்ணி சடார்னு வடிஞ்சிடுச்சும்மா. ஏன் அழுவுறீங்க?" என்று அவள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

எதற்கு வாங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தாங்களே புரிந்துகொண்டார்கள். ஊருக்கு அவரவர் நிவாரணம் வந்து சேர்ந்தது. ஆனால் தை பிறந்து உளுந்து தெளிக்க ஊர் கூடியபோது எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பக்கிரிசாமி முதல் கை வைத்தானாம்.

நீலாவின் பெயரில் வந்த பணத்தை நான் தொடவில்லை. மழை ஓய்ந்து ரெஜினா கணக்கெடுக்க வந்தபோது, மகள் உயிரோடு இருக்கிறாள், அரசாங்கம் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருக்கிறாள்.

"திரும்ப எடுத்துக்க வழியில்லங்கய்யா. அது தப்பாக் குடுத்ததுன்னு அரண் ஒத்துக்க மாட்டேங்குது. முன்கூட்டிக் குடுத்ததுன்னு காட்டுது."

"இருந்துட்டுப் போவட்டும். எனக்கென்ன."

அவள் போகாமல் நின்றாள்.

"ஒரு உயிருக்கு ஒரு தடவதான் குடுக்கும். நீலா அக்காவுக்குக் குடுத்தாச்சு. இனிமே அவங்களுக்குச் செலவு இல்லங்கய்யா."

அடுத்த மழைக்கு அரண் தண்ணீரைப் புன்னைத்திட்டுக்கே விடும் என்று அவள் சொல்வது மெல்ல விளங்கிற்று. விளங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு புன்னைத்திட்டுக்குப் போனேன்.

உத்திராபதி வாசல்வரை வந்து அழைத்துப்போனார். நாற்காலி போடச் சொன்னார். காப்பி வந்தது. அவர் வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறியிருந்தது. நீலா கைத்தடி ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து, நன்றாகத்தான் இருக்கிறேன், என்ன திடீரென்று என்று சிரித்தாள். அவளைக் கொஞ்ச நாள், அடுத்த மழைக்காலம் முடியும் வரையாவது, எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். மருமகளை உள்ளே போகச் சொன்னார். அவள் போன பிறகு பேசினார். புருஷன் திரும்ப வெளிநாடு போயிருக்கும்போது பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். அதுவும் அவள் பெயரில் செத்த பணம் வாங்கி வைத்திருக்கிற வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவ்வளவு தூரம் மரியாதை வைத்திருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, ஆறுதல் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"உங்க மெஷினு சொன்னது பொய்யாத்தானே போச்சு சம்பந்தி? நாங்க கை நீட்டல. எங்களுக்குத் தண்ணியும் வரல. வர்ற வருஷமும் நீட்டப்போறதில்ல."

உள்ளே என் மகள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு தடியைத் தட்டித் தட்டி நடக்கும் சத்தம் கேட்டது. காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றார் சம்பந்தி.